தா.வீ.

ஜூலை 6, திங்கள்

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் விட்டுவிடவும் மாட்டேன். இப்படியொரு காலத்தில் வாழ்கிறவர்கள் எழுதிவைத்தால்தான் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும் என்று எங்கள் சமூக அறிவியல் டீச்சர் சொல்வார். பள்ளிக்கூடம் மூடி நூறு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்பதாவதை முடிக்காமலே பத்தாவதுக்கு வந்துவிட்டேன்.

டைரி ஒரு மருந்துக் கம்பெனி அம்மாவுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரும்புச்சத்து மாத்திரை விளம்பரம் இருக்கிறது.

என் பெயர் பெனிட்டா. அம்மா பெயர் ரூபி. முத்தையாநத்தம் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர், ஊருக்கு நர்சக்கா. இந்தக் கட்டடத்தின் முன்பாதி ஆஸ்பத்திரி, பின்பாதி எங்கள் வீடு. நடுவில் ஒரு கதவு. அப்பா மஸ்கட்டில் இருக்கிறார், விமானம் விட்டதும் வருவார். அம்மா நாசரேத்துக்காரி, ‘வந்தாவ, போனாவ’ என்பாள். இந்தக் கரிசல் ஊர்களில் ‘வந்தாக, போனாக’. நான் யாரோடு பேசுகிறேனோ அவர்களைப்போல் பேசிவிடுவேன்.

அம்மாவின் பொறுப்பில் நான்கு ஊர்கள். இந்த மாதம் இருபத்து மூன்று கர்ப்பிணிகள். இன்று சுகாதார இன்ஸ்பெக்டர் போன் செய்து, மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துக் காய்ச்சல் முகாமுக்கு வரச் சொன்னார். அம்மா, “அப்ப இருவத்திமூணு பேரையும் கொரோனா முடியட்டும், பெறகு பெத்துக்கிடுங்கன்னு சொல்லிரட்டுமா சார்?” என்றாள். அவர் சிரித்தது எனக்கே கேட்டது. முகாமுக்கும் போகத்தான் வேண்டும்.

ஜூலை 7, செவ்வாய்

செவ்வாய் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாள். ஏழு பேர்தான் வந்தார்கள். முற்றத்தில் நான் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு நாற்காலி வைத்திருந்தேன். எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமர நிழலில் ஒன்றாக உட்கார்ந்துகொண்டார்கள்.

வடக்குச்செவல் முத்துப்பேச்சி அக்கா இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையலோடு வந்தார். வயது இருபத்தொன்று, இதுதான் தலைப்பிள்ளை.

“என்ன பேச்சி, வளையக் கடையத் தூக்கிட்டு வந்துட்டியா?” என்றாள் அம்மா.

“ஞாயித்துக்கிழம வளைகாப்புக்கா. ஊரடங்குல்ல, மொத்தமே ஆறு பேரு. ஆறு பேரும் சேந்து அறுவது பேரு வளையல எங்கையில மாட்டிட்டாக.”

“அம்மா வீட்டுக்கு எப்போ?”

“அண்ணன் வாரேன்னிருக்கான். பாஸுதான் கெடைக்கல.”

அவருடைய அம்மா வீடு செங்காட்டூர், பக்கத்து மாவட்டம். இப்போது மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். அம்மா பிரஷர் பார்த்தாள். கொஞ்ச நேரம் படுக்கவைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நூற்று முப்பத்தாறு, எண்பத்தெட்டு.

“கூடிட்டு வருது பேச்சி. தலவலி, கண்ணு மங்கல், மூஞ்சி வீங்குறது, எது இருந்தாலும் போன் போடு. வாராவாரம் பாத்தே ஆகணும். இங்கயோ அங்கயோ, ஒரு நர்சு கண்ணுல நீ பட்டுக்கிட்டே இருக்கணும்.”

போகும்போது என்னிடம், “பாப்பா, பொம்பளப் பிள்ளைன்னா யாரும் வைக்காத பேரா ஒண்ணு எழுதி வையி. எம்பேருல எங்க ஊருல மட்டும் நாலு பேரு இருக்கோம். ரேசன் கடையில கூப்பிட்டா நாலு பேரும் எந்திரிக்கோம்” என்றார். பதினான்கு பெயர்கள் எழுதிவிட்டேன்.

ஜூலை 9, வியாழன்

நடுத்தெருவில் ஒரு வீட்டுக்குத் தொற்று. வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். அந்த வீட்டுக்கு முந்தாநாள் அம்மா சுரம் பார்க்கப் போயிருந்தாள். இன்று பால்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கு வராமல் அடிபம்புக்குப் பக்கத்தில் நின்றபடி என்னைப் பாத்திரத்தைத் தரையில் வைக்கச் சொன்னார்.

“தப்பா நெனைக்காத பாப்பா. நர்சக்கா மொதல்ல வாராக, பின்னாலேயே தகரம் வருதுன்னு ஊருல பேசுறாக.”

அம்மாவிடம் சொன்னேன். “தகரக்கடையில எனக்குக் கமிஷன் உண்டுன்னு சொல்லு” என்றாள். ஆனால் பாலைக் காய்ச்சிவிட்டுக் குடிக்கவில்லை.

ஜூலை 11, சனி

திங்கள் முதல் அம்மாவுக்குக் காலையிலிருந்து மாலைவரை முகாம். வீடு வீடாகப் போக நேரமில்லை. அதனால் துறை கொடுத்த போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். நான் இருபத்து மூன்று பேரையும் அழைத்து விசாரித்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். என் கையெழுத்து அம்மாவின் கையெழுத்துமாதிரியே இருக்கும். அவள்தான் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தாள்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். போய்விட்டவர்களின் பெயருக்கு நேராகத் ‘தா.வீ.’ என்று போட வேண்டும். தாய் வீடு. தா.வீ. போட்டுவிட்டால் எந்த நர்சும் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தமாட்டாள். அதனால்தான் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: அந்த ஊர் நர்சுக்குத் தகவல் சொல்லியாயிற்றா?

“அந்த டிக் மட்டும் அவகிட்ட நேராப் பேசின பெறகுதான் போடணும். இங்க விட்டாச்சு, அங்க புடிச்சாச்சுன்னு தெரியணும். வெளங்குதா?” என்றாள் அம்மா.

விளங்கியது.

ஜூலை 13, திங்கள்

இருபத்து மூன்று பேரையும் முடித்துவிட்டேன். ஒரே நாளில்.

பாதிப் பேர் நான் சொல்லி முடிப்பதற்குள், “எங்க வீட்டுல யாருக்கும் சுரம் இல்ல” என்றார்கள். ஒருவருடைய கணவர் நான் கொரோனா கம்பெனியிலிருந்து பேசுகிறேனா என்று கேட்டார். முத்துப்பேச்சி அக்காவின் எண்ணில் அவருடைய மாமியார் வேலம்மாள் பேசினார்.

“அவ போயிட்டாளே. காலையில அவுக அண்ணன் வந்து வண்டியில கூட்டிட்டுப் போயிட்டான்.”

“பாஸ் கெடச்சிருச்சா பாட்டி?”

“அதெல்லாம் எனக்கென்ன தெரியும். பொறப்பட்டாச்சு.”

ஆக மூன்று தா.வீ. முதல் இரண்டு ஊர் நர்சுகளும் எடுத்தார்கள், விவரம் குறித்துக்கொண்டார்கள். செங்காட்டூர் நர்சின் பெயர் தமயந்தி. இரண்டு தடவை அழைத்தேன். முழு ரிங் போனது. அவரும் முகாமில் இருப்பார். நாளை எப்படியும் பேசிவிடலாம்.

எல்லாக் கட்டங்களையும் பச்சை மையால் நிரப்பினேன். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாத பக்கம் பார்க்க அழகாக இருக்கிறது. அம்மா முகத்தில் மாஸ்க் தழும்போடு வந்து பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எம்மவ எனக்கு மேலல்லா இருக்கா” என்றாள். கை கழுவாததால் என்னைத் தொடவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

பாடப்புத்தகங்கள் வந்துவிட்டன. அம்மா முகாமுக்குப் போன பிறகு தமிழ்ப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். நடுவில் போன் இரண்டு தடவை அடித்தது. செய்யுள் பகுதி முடியட்டும் என்று இருந்தேன், அதற்குள் நின்றுவிட்டது.

ஜூலை 19, ஞாயிறு

முழு ஊரடங்கு. சாலையில் ஒரு நாய்கூட இல்லை என்று எழுதலாம். ஆனால் இரண்டு நாய்கள் இருந்தன.

ஜூலை 22, புதன்

தடுப்பூசி நாள். பதினொரு குழந்தைகள் வர வேண்டும், நான்குதான் வந்தன. முகாமுக்கு ஒரு மணிநேரம் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மற்ற ஏழு வீடுகளுக்கும் அம்மா ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் போனாள். ஐந்து குழந்தைகளுக்குப் போட்டுவிட்டாள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குழந்தையின் காலை நீட்டச் சொல்லி, ஜன்னல் வழியாகவே ஊசி போட்டாளாம். சிரித்துக்கொண்டு சொன்னாள்.

சாப்பிடும்போது கேட்டாள். “வடக்குச்செவல் பேச்சி அம்மா வீட்டுக்குப் போயிட்டாள்லா?”

“தா.வீ. போட்டிருக்கேம்மா.”

“இல்ல, அந்த வழியா வந்தேன். கொடியில அவ நைட்டி மாதிரி ஒண்ணு காஞ்சுது. வெளிய நின்னு கூப்பிட்டேன். மாமியாக்காரிதான் வந்தா, யாரும் இல்ல, போயிட்டான்னா.” கொஞ்சம் யோசித்தாள். “செங்காட்டூருல தகவல் சொல்லியாச்சுல்லா?”

“டிக் போட்டிருக்கும்மா.”

பதிவேட்டில் இருப்பதைத்தான் சொன்னேன். அதில் பொய் இல்லை.

ஜூலை 23, வியாழன்

செங்காட்டூருக்கு இப்போது போன் செய்தால், பத்து நாள் ஏன் செய்யவில்லை என்று கேட்பார்கள். எப்படியும் முத்துப்பேச்சி அக்கா அங்கே போய் அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். அவர் விவரமானவர்.

கணக்கில் முதல் பயிற்சி முடித்தேன்.

ஜூலை 26, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 30, வியாழன்

காலை ஆறு மணிக்கு முன்கதவைத் தட்டினார்கள். நான்தான் திறந்தேன். வடக்குச்செவல் மாரிச்சாமி, முத்துப்பேச்சி அக்காவின் கணவர். மாஸ்க் இல்லை, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“நர்சக்காவ வரச் சொல்லு பாப்பா. அவளுக்கு இழுக்குது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது.”

அம்மா பின்னாலிருந்து வந்தாள். “யாருக்கு?”

“பேச்சிக்கு.”

“செங்காட்டூருலயா?”

“இங்கதான்க்கா. எங்க வீட்டுலதான்.”

அம்மா பையை எடுத்தாள். நூற்றெட்டுக்கு அடிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நான் அடித்தேன். பக்கத்து வண்டிகள் இரண்டும் கொரோனா நோயாளிகளோடு போயிருக்கின்றன, திரும்பி வந்து மருந்து தெளித்த பிறகுதான் அனுப்ப முடியும் என்றார்கள். நான், “கர்ப்பிணி” என்றேன். “புரியுதும்மா” என்றார் போன் எடுத்த அக்கா. அவர் குரலும் நன்றாக இல்லை. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி அடித்தேன். வண்டி வர ஏழே முக்கால் ஆனது. அம்மாவும் அதில் ஏறிப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு அடிபம்பில் பெண்கள் பேசிக்கொண்டதை வைத்து எழுதுகிறேன். ஜூலை 13 அன்று அண்ணன் பாஸ் இல்லாமலே வந்திருக்கிறான். மாவட்ட எல்லையில் போலீஸ் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. சாயங்காலமே முத்துப்பேச்சி அக்கா மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார். வளையல் போட்டுப் புறப்பட்டவள் கையில் பிள்ளையில்லாமல் வாசலேறித் திரும்பக் கூடாதாம். அதனால் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய், யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். எல்லைவரை போய்வந்தது தெரிந்தால் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. பதினேழு நாள்.

பதிவேட்டில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மூடிவைத்துவிட்டேன்.

ஜூலை 31, வெள்ளி

அம்மா மதியம் வந்தாள். நேரே பின்பக்கம் போய், போட்டிருந்த துணியைப் பிளீச்சிங் தண்ணீரில் முக்கிவிட்டுக் குளித்தாள். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. பெண் குழந்தை, ஒரு கிலோ அறுநூறு கிராம் எடை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். முத்துப்பேச்சி அக்கா நேற்று மாலை நான்கு மணிக்கு இறந்துவிட்டார்.

“காலு ரெண்டும் தூணு மாதிரி வீங்கியிருந்துச்சு. ஒரு வாரமா தலவலின்னு தைலம் தேச்சிருக்காவ. பிரஷர ஒரு தடவ பாத்திருந்தா போதும்ட்டி. ஒரே ஒரு தடவ. மாத்தர குடுத்து நேரத்தோட பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கலாம்.” அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இருவத்திரெண்டாந்தேதி நான் அந்த வாசல்லதான் நின்னேன்.”

ஆகஸ்ட் 1, சனி

அம்மா பதிவேட்டை மேசையில் விரித்துவைத்திருந்தாள்.

“பெனி, செங்காட்டூர் தமயந்திகிட்ட நீ பேசுனியா?”

பதில் சொன்னேன்.

“என்ன சொன்னாவ?”

அதற்கும் பதில் சொன்னேன்.

அம்மா துறை போனை எடுத்துப் பொத்தானை அழுத்தி அழுத்திக் கீழே கீழே பார்த்துக்கொண்டு போனாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அதை அலமாரி மேல் வைத்துவிட்டு, “சாப்பிட வா” என்றாள்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

பதினாறு பேர் வந்தார்கள். பயந்துபோய் வந்திருக்கிறார்கள். அம்மா ஒவ்வொருவர் காலையும் குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். இரண்டு பேரை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

ஆகஸ்ட் 6, வியாழன்

தாய் இறந்தால் விசாரணை உண்டு. கொரோனாவால் போனில் வீடியோ வழியாக நடந்தது. அம்மா முன்னறையில் யூனிபார்மோடு உட்கார்ந்தாள். நான் நடுக்கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

எட்டாம் மாதத்தில் பிரஷர் கூடிய பெண்ணைப் பதினேழு நாள் எந்த நர்சும் ஏன் பார்க்கவில்லை என்று ஒரு டாக்டர் கேட்டார். அம்மா, தாய் வீடு போனதாக வீட்டார் சொன்னார்கள், முறைப்படி செங்காட்டூர் செவிலியருக்குத் தகவல் கொடுக்கப்பட்டது என்றாள். பதிவேட்டின் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டினாள். தமயந்தி சிஸ்டரின் குரல் கேட்டது. தகவல் வரவில்லை என்றார்.

“உங்க போன்ல பதிமூணாந்தேதி அந்த நம்பர்லேருந்து கால் வந்திருக்கா இல்லையா?”

“மிஸ்டு கால் வந்திருக்கு சார். ஆனா...”

“வந்திருக்கில்ல?”

அதற்குப் பிறகு அவர் பேசியது சரியாகக் கேட்கவில்லை.

அம்மா உள்ளே வந்து அரிசி களைந்தாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

தமயந்தி சிஸ்டரைப் பணி இடைநீக்கம் செய்துவிட்டார்களாம். இன்ஸ்பெக்டர் கனி சார் போனில் சொன்னார். அம்மா, “ம்” என்றாள். ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தவள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.

ஆகஸ்ட் 12, புதன்

அம்மா தடுப்பூசிக்குப் போயிருந்தபோது துறை போன் அடித்தது. எடுத்தேன்.

“ரூபி அக்காவா?”

“அம்மா வெளிய போயிருக்காங்க.”

“நீங்க மகளா? நான் தமயந்தி பேசுதேம்மா, செங்காட்டூர்.” அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். “ஒண்ணுமில்ல, அக்காகிட்ட ஒரு வெவரம் கேக்கணும். பதிமூணாந்தேதி நான் கவச உடை மாட்டியிருந்தேன். அத மாட்டிட்டா போனத் தொட முடியாது பாப்பா, ஒண்ணுக்குக்கூடப் போக முடியாது. மறுநா இந்த நம்பருக்கு ரெண்டு தடவ திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கல. அக்கா எங்கூடப் பேசுனதா சொல்லுதாக. நான்தான் மறந்துட்டனோன்னு இருக்கு. ஆறு நாளா யோசிச்சுப் பாக்கேன். ஒறக்கமில்லாம வேல பாத்தோம்லா, நெசமாவே பேசி மறந்திருப்பனோ. நான் என்ன பேசுனேன்னு அக்காகிட்ட கேட்டுச் சொல்லுதியா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

“சொல்லுதேன்” என்றேன்.

“நல்லா படி பாப்பா” என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 13, வியாழன்

ஆகஸ்ட் 1 அன்று அம்மாவுக்கு நான் சொன்ன பதில்கள் இவை. முதல் கேள்விக்கு: “பேசுனேன்.” இரண்டாவதுக்கு: “சரி, பாத்துக்கிடுதேன்னு சொன்னாவ.”

நான் பேசவில்லை. ஜூலை 13 அன்று மற்ற டிக்குகளோடு சேர்த்து அதையும் போட்டுவிட்டேன், பக்கம் நிறைய வேண்டும் என்பதற்காக. ஜூலை 14 அன்று அடித்த போன் அவருடையது. நான் செய்யுள் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

மாலை அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

“தெரியும்ட்டி” என்றாள்.

“எப்பம்மா?”

“அன்னைக்கே. நீ கூப்பிட்டதும் போன்ல கெடக்கு, அவ கூப்பிட்டதும் கெடக்கு. ஒண்ணுலகூடப் பேச்சு இல்ல.”

“பெறகு ஏன் மீட்டிங்ல...”

அம்மா என் சட்டையை மடித்துக் கையால் தேய்த்தாள். “இருவத்திரெண்டு பேரு இருக்காவ. என்னையத் தூக்கிட்டா இங்க யாரு வருவா? ஏற்கெனவே மூணு ஊருல ஆளில்ல. நான் இருந்தா நாலு பேராவது பொழைப்பாவல்லா. அப்படித்தான் நெனச்சேன்.” கொஞ்சம் கழித்து, “உன்னையும் நெனச்சேன்” என்றாள்.

“செங்காட்டூருல எத்தன பேரும்மா இருப்பாவ?”

அம்மா அடுத்த துணியை எடுத்தாள்.

“அங்கயும் பிள்ளத்தாச்சிய இருப்பாவல்லா. இப்ப அவங்கள யாரு பாக்கா?”

கையிலிருந்த துணியோடு அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் அழுதாளா என்று தெரியவில்லை, துணியில் முகத்தை வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 15, சனி

பஞ்சாயத்து அலுவலகத்தில் ஐந்து பேர் நின்று கொடியேற்றினார்கள். மிட்டாய் இல்லை.

அம்மா மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினாள். ‘எனது கவனகுறைவால்’ என்று இருந்தது. க் விட்டுப்போயிருக்கிறது என்றேன், சேர்த்துக்கொண்டாள். தகவல் தெரிவிக்கப்படவில்லை என்பதைத் தெரிந்தும் மறைத்தேன் என்றும் எழுதியிருந்தாள். என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

“டிக் போட்டது நான்னு எழுதுங்கம்மா.”

“பதிவேடு யாரு பேருல இருக்கு?”

“உங்க பேருல.”

“அடியில கையெழுத்துப் போட்டது யாரு?”

“நீங்க.”

“அப்ப எழுத வேண்டியது அவ்வளவுதான். மீதிய நீ வச்சுக்கிடணும். யாரும் உங்கிட்டயிருந்து அத வாங்கிக்கிட மாட்டாவ.”

கோபமாகச் சொல்லவில்லை. கடிதத்தை மடித்தாள். பிறகு என்னிடம் துறை போனைக் கொடுத்து, செங்காட்டூருக்கு அழைக்கச் சொன்னாள். நானே தமயந்தி சிஸ்டரிடம் சொன்னேன். “அப்ப நான் மறக்கல” என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

பத்தொன்பது பேர். இதுவரை இதுதான் அதிகம். அம்மா மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. கடிதத்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. “அடுத்த செவ்வா வரணுமாக்கா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம், “கண்டிப்பா வரணும்” என்றாள்.

ஆகஸ்ட் 20, வியாழன்

அம்மாவுக்கு இடைநீக்க ஆர்டர் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 21, வெள்ளி

கனி சார் மூன்று மணிக்கு வந்தார். அம்மா சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். பிரஷர் பார்க்கும் கருவி இரண்டு, ஒன்று பழுது. ஐஸ் பெட்டி ஒன்று. குழந்தை எடை பார்க்கும் தராசு ஒன்று. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் வைத்துச் சணல் கட்டினோம். மாற்று ஆள் வரும்வரை முன்னறை பூட்டியிருக்குமாம். மேலப்புதூர் சிஸ்டரிடம் கூடுதல் பொறுப்பு. அவருக்கு ஏற்கெனவே ஐந்து ஊர்.

“பதினஞ்சு நாளைக்கொரு தடவ வருவாங்க சிஸ்டர். முடிஞ்சா.”

“தமயந்தி?”

“ஆர்டர் ரத்து. நேத்தே முகாமுக்குப் போயிட்டாங்க.”

அம்மா தலையசைத்தாள். எங்களுக்கு வீட்டைக் காலிசெய்ய இந்த மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

அப்போது வேலம்மாள் வந்தார். மாராப்புக்குள் குழந்தை இருந்தது வெளியே தெரியவில்லை, அவ்வளவு சிறியது. “செவ்வாக்கிழமதான் வீட்டுக்கு விட்டாக. வாராவாரம் எட பாக்கச் சொன்னாக நர்சக்கா.”

அம்மா கனி சாரைப் பார்த்தாள். “எழுதி முடிச்சாச்சே சிஸ்டர்” என்றார் அவர். பிறகு அவரே குனிந்து பெட்டியின் சணலை அறுத்தார். அம்மா தராசைக் கொக்கியில் மாட்டித் துணித்தொட்டிலில் குழந்தையை வைத்தாள். ஒன்று தொள்ளாயிரம். சங்கில் பால் கொடுக்கும் விதத்தைச் சொல்லித் தந்தாள், உதடு நீலம் பாய்ந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றாள். எடையை எழுதத்தான் அம்மாவுக்கு அனுமதி இல்லை. கனி சார் எழுதினார்.

வேலம்மாள் போகாமல் நின்றார்.

“அன்னைக்கு நீங்க வாசல்ல நின்னு பேச்சி பேச்சின்னு கூப்பிட்டீகளே. அவ உள்ளதான் இருந்தா. சத்தம் கேட்டு எந்திரிச்சா. நாந்தான் கையக் காட்டி உக்காருன்னேன்.”

அம்மா குழந்தையின் காலைத் துணிக்குள் தள்ளிவிட்டாள்.

வேலம்மாள் கேட்டைத் தாண்டும்போது நான் பின்னால் ஓடினேன். “பாட்டி, பச்ச டிக் போட்டது நான்” என்றேன்.

“டிக்குன்னா என்ன?”

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருந்தது. தா.வீ. என்றால் என்ன, பக்கத்துக் கட்டம் எதற்கு, யாரிடம் நான் பேசவில்லை, பேசியிருந்தால் செங்காட்டூர் நர்சு முத்துப்பேச்சி அக்காவைத் தேடியிருப்பார், தேடிக் கிடைக்காவிட்டால் இங்கே அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அம்மா கதவைத் தட்டியிருப்பாள். அவர் நின்று கடைசிவரை கேட்டார். குழந்தையின் தலைத்துணியை இழுத்துவிட்டார். பிறகு நடந்தார். என்னைத் திட்டவில்லை. ரோடு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் உள்ளே வந்தபோது துறை போன் அடித்துக்கொண்டிருந்தது. அதையும் ஒப்படைக்க வேண்டும், கனி சார் கையை நீட்டியபடி நின்றார். அம்மா எடுத்துவிட்டாள்.

“நான் இப்ப டூட்டில இல்லம்மா. மேலப்புதூர் சிஸ்டர் நம்பர் தாரேன், எழுதிக்க.” கொஞ்ச நேரம் கேட்டாள். “எப்பலேருந்து? சரி, புள்ள அசையுதா? மத்தியானத்துலேருந்து எத்தன தடவ?” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “இடப்பக்கமா ஒருச்சாஞ்சு படு. போன வைக்காத. அசைய அசையச் சொல்லு, நான் எண்ணுதேன்.”

கனி சார் கையை மடக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். பத்து அசைவு வந்தால் பயமில்லை, எண்ணி முடிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. அம்மா போனை அவரிடம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

முன்னறையில் இரண்டு டியூப் லைட். அம்மா இரண்டையும் அணைத்தாள்.